பை காக்கவா வண்டலூர் போகிறோம்?

சுற்றுலா என்று வீட்டில் யாராவது வாயெடுத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஊரோ, கடலோ, மலையோ அல்ல... புளிசாதம்தான்! எத்தனை படி அரிசி, எத்தனை தூக்குவாளி, யாருக்குக் காரம் ஆகாது, எந்தப் பிள்ளைக்கு வண்டியில் வாந்தி வரும் என்று என் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் மிருகக்காட்சி சாலைக்குப் போன என் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு முதன்முதலில் போனது 2014-ல். சென்னையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுநாள். அப்போது என் மகள் ஆறு மாதக் கைக்குழந்தை. உள்ளே நுழைந்து கொஞ்ச தூரம் போனதுமே, "நீ பிள்ளையை வெச்சுக்கிட்டு இப்படி நிழல்ல உக்காரு. நாங்க ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று மணி நேரம்! என்னைச் சுற்றிப் பதினோரு பை. நான் அன்று பார்த்த ஒரே மிருகம், சாப்பாட்டுப் பையைப் பிடுங்க வந்த குரங்குதான். ஊர் திரும்பியதும் எல்லாரும் "வண்டலூர் பாத்தியா?" என்று கேட்டார்கள். "பாத்தேன்" என்று சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்வது?

அடுத்தது 2019, காலாண்டு விடுமுறை. இந்த முறை ஏற்பாடெல்லாம் என் காக்கா. (எங்கள் ஊர்ப் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.) வேன் பேசினார், டிரைவரைப் பிடித்தார், ராத்திரி கிளம்பினால் காலையில் போய்விடலாம் என்றார். எனக்கு ஒரு சின்ன சந்தேகம். "காக்கா, அங்கே வார லீவு ஏதாவது இருக்குமா?" என்று கேட்டேன். "மிருகத்துக்கு ஏது லீவு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இறால் வாடா சுடப் போய்விட்டேன். திங்கட்கிழமை ராத்திரி கிளம்பி, செவ்வாய்க்கிழமை காலையில் பதினான்கு பேர் வண்டலூர் வாசலில் போய் இறங்கினோம். கேட் பூட்டிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை வார விடுமுறையாம்!

பெரியவர்கள் "சரி, பீச்சுக்குப் போவோம்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். ஐந்து வயது மகள் மட்டும் மெரினா வரை அழுதுகொண்டே வந்தாள். காக்கா மேல் எனக்குக் கோபமில்லை. என் மேல்தான். தோன்றிய சந்தேகத்தை ஒரு சிரிப்பைக் கேட்டு விழுங்கிக் கொண்டேனே! ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் போச்சு.

அதற்குப் பிறகு "வாப்பா லீவுல வரட்டும், கூட்டிட்டுப் போவாங்க" என்பது எங்கள் வீட்டில் பல்லவி ஆகிவிட்டது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். என்னவருக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கரையைப் புரட்டிப் போட்டபோது வீட்டுக் கூரையும் போனது, கொல்லையில் காய்த்துக் கொண்டிருந்த தென்னையும் போனது. அடுத்து வந்த லீவு கூரைக்கே சரியாகிவிட்டது. பிறகு கொரோனா. 2021 ஜூனில் வண்டலூர் சிங்கங்களுக்கும் கொரோனா வந்து, ஒரு பெண் சிங்கமும் ஒரு ஆண் சிங்கமும் இறந்து போனதாகச் செய்தி வந்தது. அதைக் கேட்ட மகள், "உம்மா, நாம போறதுக்குள்ள எல்லாம் செத்துடுமா?" என்றாள். 2022 லீவு தங்கை கல்யாணத்தில் போனது. 2024 லீவு ஆஸ்பத்திரியில் போனது. மகளுக்குப் பத்து வயது ஆகிவிட்டது.

சகோதரிகளே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. லீவு தள்ளிப் போகும், பணம் தள்ளிப் போகும், ஆனால் பிள்ளையின் வயசு தள்ளிப் போகாது. இன்னும் இரண்டு வருஷம் போனால் யானையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே அவளுக்கு இருக்காது. ஆசை போன பிறகு கூட்டிப் போய் என்ன பயன்?

நானும் தங்கையும் எதிர்வீட்டு அக்காவும் பேசி முடிவெடுத்தோம். மாதம் இருநூறு ரூபாய் என்று ஆளுக்கு ஒரு டப்பாவில் போட்டு வந்தோம். என் உம்மாவும் "நானும் வர்றேன்" என்று கிளம்பினார். வயது 68, முழங்கால் வலி வேறு. "ஆம்பளைத் துணை இல்லாம, வயசானவங்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு, மெட்ராசுக்கா?" என்று தெருவே கேட்டது. என்னவரும் போனில் முதலில் தயங்கினார். "செவ்வாய்க்கிழமை லீவு. நாங்க போறது வியாழக்கிழமை. பஸ் இன்னது, இறங்குற இடம் இன்னது" என்று நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல, "எல்லாம் விசாரிச்சுட்டியா? அப்ப போயிட்டு வா" என்றார். ஆண் துணைக்குப் பதிலாக நான் காட்டியது விவரத் துணைதான்.

2024 டிசம்பர், அரையாண்டு விடுமுறையில் போய் வந்தோம். நாலு பெண்கள், ஐந்து பிள்ளைகள். எப்படித் திட்டமிட்டோம் என்பதைச் சொல்கிறேன். டெல்டாப் பக்கத்துச் சகோதரிகளுக்கு அப்படியே உதவும்.

முதலில் நாள். செவ்வாயைத் தவிர்த்துவிடுங்கள். விடுமுறைக் காலத்தில் சில செவ்வாய்களில் திறப்பதும் உண்டு என்றாலும், அதை நம்பி வண்டி ஏறக் கூடாது. ஞாயிறு வேண்டாம், கூட்டம். காணும் பொங்கல் வேண்டவே வேண்டாம், மிருகங்களைவிட மனுஷத் தலைதான் தெரியும். மே மாத வெயிலில் பிள்ளைகள் மட்டுமல்ல, புலியும் சுருண்டு படுத்துவிடும். டிசம்பர் கடைசி, ஜனவரி, பிப்ரவரி நல்லது. மழை அறிவிப்பை மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, கொஞ்ச காலம் மூடியே வைத்திருந்தார்கள்.

அடுத்தது பயணம். அந்தக் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸில் ஏறினால் எழும்பூர் போய் இறங்கி, அங்கிருந்து மின்சார ரயிலில் திரும்பவும் தெற்கே வரவேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, நம் பக்கத்துப் பேருந்துகள் அங்கேதான் போய் நிற்கின்றன. அது வண்டலூருக்குச் சற்று முன்னாலேயே இருக்கிறது. சென்னை நெரிசலுக்குள் போகாமலே மிருகக்காட்சி சாலைக்குப் போய்விடலாம்! நாங்கள் பட்டுக்கோட்டையில் ராத்திரி பஸ் ஏறி, விடியும் முன் கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். அங்கேயே பல் விளக்கி, முகம் கழுவி, பிள்ளைகளுக்கு உடை மாற்றி, இட்லி சாப்பிட்டு, டவுன் பஸ் பிடித்தோம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது தெரிந்ததுதானே. ரயில்தான் வேண்டும் என்பவர்களுக்கு, 2023 ஏப்ரலில் விட்ட செங்கோட்டை–தாம்பரம் ரயில் பட்டுக்கோட்டையில் நிற்கிறது. ஆனால் தினமும் கிடையாது, கிழமை பார்த்துக் கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பெருங்களத்தூர் தாண்டினால் வண்டலூர்.

ஒரு எச்சரிக்கை... கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு! கேளம்பாக்கம் என்பது வண்டலூரிலிருந்து கிழக்கே பிரிகிற ரோட்டில் வெகுதூரம் தள்ளி இருக்கிற ஊர். பெயரைக் குழப்பிக் கொண்டு ஏறினால் பாதி நாள் போய்விடும்.

மூன்றாவது, சாப்பாடு. இந்த முறை நான் சமைக்கவில்லை! "ஒரு நாள் வெளியில சாப்பிட்டா குடல் வெந்துடாது" என்று தங்கை சொன்னாள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முறுக்கு, வாந்திக்கு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். மதியம் பூங்காவுக்குள் இருக்கிற சிற்றுண்டிச் சாலையில் சாப்பிட்டோம். 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. பூங்காவில் இன்னும் கண்டிப்பு. அதனால் துணிப்பைதான் சரி. டிக்கெட்டை இணையத்திலேயே எடுக்கலாம், வரிசை மிச்சம். கட்டணமும், உள்ளே என்னென்ன கொண்டுபோகலாம் என்பதும் அவ்வப்போது மாறும். போகிற வாரத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

நாலாவதுதான் முக்கியம்... பை! எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தன் பையைத் தானே தூக்க வேண்டும் என்று ஊரிலேயே சொல்லிவிட்டோம். மீதி இருந்தது ஒரே ஒரு பொதுப் பை. அதைச் சுமக்க மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக் கொண்டோம். யாரும் நிழலில் உட்கார்ந்து காவல் காக்கக் கூடாது என்பது சட்டம். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் நம் போன் நம்பர் எழுதிய சீட்டு வைத்தோம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டையும் பெரிய பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தோம்.

ஐந்தாவது, என்ன பார்ப்பது என்பது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் ஒன்றையும் பார்க்க முடியாது. மீட்பு மையத்தையும் சேர்த்து மொத்தம் 602 ஹெக்டேர் இடம். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், இருநூறு வேலிக்கு மேல்! அதனால் ஆளுக்கு ஒரு மிருகம் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். புலி, நீர்யானை, சிங்கவால் குரங்கு, முதலை, நெருப்புக்கோழி என்று பிள்ளைகள் ஐந்து சொன்னார்கள். பெரியவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று உண்டு என்றாள் என் மகள். எனக்கு எதைக் கேட்பதென்றே தெரியவில்லை. என்னை யாரும் அதுவரை கேட்டதில்லையே! "வெள்ளைப்புலி" என்றேன்.

உம்மாவுக்கு மட்டும் பேட்டரி கார். கௌரவம் பார்க்காமல் வயசானவர்களுக்கு அதற்குக் காசு கொடுத்துவிடுங்கள். அவர் சின்ன வயதில் மெட்ராஸ் போனபோது, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த பழைய மிருகக்காட்சி சாலையைப் பார்த்திருக்கிறார். அதை அப்போது "உயிர் காலேஜ்" என்பார்களாம், எழும்பூர் மியூசியத்தை "செத்த காலேஜ்" என்பார்களாம்! அவர் சொன்னதைக் கேட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நான் பிறகு படித்துத் தெரிந்து கொண்டது, உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜில்தான் என்பது. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர் மியூசியப் பொறுப்பில் இருந்தபோது, அங்கே உயிருள்ள புலி, சிறுத்தையை வைத்தால் கூட்டம் அதிகம் வருவதைப் பார்த்தாராம். ஆற்காடு நவாபிடம் இருந்த மிருகங்களையும் கேட்டு வாங்கித் தொடங்கியதுதான் இது. இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சி சாலை என்கிறார்கள். பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், இடம் போதாமல் வண்டலூருக்கு வந்து, 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது திறந்தார்கள்.

"அப்பல்லாம் கம்பிக்குள்ள புலி குறுக்கும் நெடுக்கும் நடக்கும், பாக்கவே பாவமா இருக்கும். இங்க பரவால்ல, மரம் நிழலாவது இருக்கு" என்றார் உம்மா. உண்மைதான். அகழி வெட்டி, செடி கொடியோடு திறந்த வெளியில் விட்டிருக்கிறார்கள். அதனால் ஒன்று, மிருகம் உடனே கண்ணில் படாது. காலை ஒன்பது மணி வாக்கில் திறந்ததும் உள்ளே போய்விட்டால் நடமாட்டத்தைப் பார்க்கலாம். நடுப்பகலில் அவை நிழலில் படுத்துவிடும். நாமும் அப்போது மர நிழலில் உட்கார்ந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் மறுபடி நடக்கலாம். ஐந்து மணி வாக்கில் மூடிவிடுவார்கள்.

தங்கை மகன் ஒரு முறுக்குத் துண்டைக் குரங்குப் பக்கம் எறியக் கை ஓங்கினான். பக்கத்தில் இன்னொரு குடும்பத்தில் ஒரு பெரியவரே புலியை எழுப்பக் கைதட்டிக் கூச்சல் போட்டுக் கொண்டிருந்தார். மிருகக்காட்சி சாலையில் மிருகங்களைச் சீண்டுவதும், தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொல்லை செய்வதும், குப்பை போடுவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தின்னக் கொடுப்பது அன்பு என்று நினைத்துக் கொள்கிறோம். நம் பிள்ளைக்கு வழியில் போகிறவர் எதையோ ஊட்டினால் சும்மா இருப்போமா? இதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போவது தாய்மாரின் பொறுப்பு மட்டுமல்ல, தகப்பன்மாரின் பொறுப்பும்தான்.

மாலை நாலு மணி இருக்கும். வெள்ளைப்புலி அடைப்புக்கு முன்னால் நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. "வா உம்மா, நேரமாச்சு" என்று எல்லாரும் நகர்ந்தார்கள். வழக்கமாக நானும் நகர்ந்திருப்பேன். அன்று "இது என் முறை, நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிஷம் போலப் புதரையே பார்த்துக் கொண்டிருந்தேன். அது எழுந்து, சோம்பல் முறித்து, தண்ணீர்ப் பக்கம் நடந்து வந்தது. என்ன நடை! பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன பொய் அன்றுதான் மெய்யானது. மகள் என் கையைப் பிடித்து, "உம்மா, இப்ப நீயும் பாத்துட்டே" என்றாள். பிள்ளைகள் எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள் சகோதரிகளே. அம்மா எதையும் பார்க்காமல் பை காத்துக் கொண்டிருந்தால், அம்மா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று பெண் பிள்ளை கற்றுக் கொள்கிறாள். ஆண் பிள்ளையும் அதையேதான் கற்றுக் கொள்கிறான்.

ராத்திரி பஸ் பிடித்து மறுநாள் காலையில் ஊர் வந்து சேர்ந்தோம். ரூம் போடவில்லை, வேன் பேசவில்லை. கால் வலித்தது என்னவோ நிஜம்.

குறையும் ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். "வாப்பா இல்லாம போனது பிள்ளைகளுக்குக் குறைதானே?" என்று ஊரில் கேட்டார்கள். குறைதான். அதற்கு மகளே வழி செய்துவிட்டாள். சிங்கத்தை மட்டும் பார்க்காமல் வந்தாள். "அது வாப்பாவோட வரும்போது" என்று சொல்லிவிட்டாள். தூரத்தில் உழைக்கிறவருக்கு ஒரு சிங்கத்தை மிச்சம் வைப்பது நியாயம். அதற்காக முழு மிருகக்காட்சி சாலையையும் பூட்டி வைப்பது நியாயமில்லை.

சென்னை வரை போக வசதிப்படாதவர்கள் இதே முறையில் பக்கத்திலேயே போய் வரலாம். கோடிக்கரையில் வெளிமான், பருவத்தில் பூநாரை. முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு. வடுவூரில் பறவைகள். எங்கள் கடலிலேயே கடல்பசு இருக்கிறது. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. எங்கே போனாலும் என் கருத்து ஒன்றுதான்... போகும் முன் நாமே விசாரிப்போம், சுமையைப் பிரித்துக் கொடுப்போம், நமக்கும் ஒன்றைப் பார்ப்பதற்கென்று வைத்துக் கொள்வோம்.

மாசச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டத் தெரிந்த நமக்கு, ஒரு நாள் பயணத்தைத் திட்டம் போடத் தெரியாதா என்ன? சந்தேகம் வந்தால் கேளுங்கள். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மிருகத்துக்கும் லீவு உண்டு என்று இப்போது என் காக்காவுக்கே தெரியும்! அடுத்த பயணத்துக்கு அவர் என்னிடம்தான் கிழமை கேட்கிறார்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

– ஓர் இல்லத்தரசி, அதிராம்பட்டினம்.